‘சின்னக் கட்டி’க்கு எதற்கு இரண்டாவது ஆபரேஷன்?

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மன்னார்குடி பக்கம் பன்னிரண்டு மா நிலத்தில் விவசாயம், சர்க்கரையும் உண்டு. இடது குதிகாலில் இரண்டு வருடமாக ஒரு கறுப்புப் புள்ளி. கால் ஆணி என்று நினைத்து கார்ன் கேப் ஒட்டுவதும் பிளேடால் சீவுவதுமாக இருந்தார். அது விரிந்து, ஓரம் கோணலாகப் பரவவே, இங்கே ஒரு சர்ஜனிடம் காட்டி எடுத்துவிட்டோம். பயாப்சியில் மெலனோமா, அதாவது தோலில் வரும் ஒரு புற்றுநோய் என்று வந்திருக்கிறது. தடிமன் 0.9 மி.மீ., மேலே புண் இல்லை, ஓரத்தில் நோய் இல்லை, ஆனால் இடைவெளி 1 மி.மீ.தான். தஞ்சாவூரில் பார்த்த புற்றுநோய் சர்ஜன், சுற்றி இன்னும் ஒரு சென்டிமீட்டர் எடுக்க வேண்டும், தொடை இடுக்கில் ஒரு நெறிக்கட்டியையும் எடுத்துப் பரிசோதிக்கலாம் என்கிறார். அப்பாவிடம் ‘சின்னக் கட்டி’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். அவரோ, “எடுத்த இடத்தையே எதுக்குத் திரும்பத் தோண்டணும், நடவு நேரம், தை அறுப்பு முடியட்டும்” என்கிறார். கத்தி பட்டால் பரவிவிடும் என்கிறார் சித்தப்பா. கால் யானைக்கால் மாதிரி வீங்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். என்ன செய்வது டாக்டர்?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் அப்பா பிடிவாதக்காரர் இல்லை அம்மா. நீங்கள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். சின்னக் கட்டி, எடுத்தாச்சு, ஓரத்திலும் ஒன்றுமில்லை என்றால் நடவை விட்டுவிட்டு எந்த விவசாயி இரண்டாவது தடவை காலைக் கொடுப்பார்? நானாக இருந்தாலும் மாட்டேன். அதனால் ஆபரேஷன் தேதி வாங்குவதற்கு முன்னால் அவரிடம் நோயின் பெயரைச் சொல்லுங்கள். ஆரம்பக் காலத்தில் நானும் வீட்டார் கேட்டுக்கொண்டார்கள் என்று ஒரு பெரியவரிடம் ‘தோல் வியாதி’ என்று மழுப்பி அனுப்பினேன். தையல் பிரித்ததோடு அவர் வரவே இல்லை. இரண்டு வருடம் கழித்து எலுமிச்சை அளவு நெறிக்கட்டியோடு வந்து, “அப்பவே சொல்லியிருக்கலாமே டாக்டர்” என்றார். எனக்கு இன்னும் அந்தக் குரல் மறக்கவில்லை.

எப்படிச் சொல்வது என்று யோசிக்காதீர்கள், அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொல்லுங்கள். வயலில் கோரையை மேலாக அறுத்தால் என்ன ஆகும்? கிழங்கு உள்ளே இருக்கும், பத்து நாளில் திரும்பத் தலை நீட்டும். அதனால்தானே சுற்றி மண்ணோடு தோண்டி எடுக்கிறோம். மெலனோமாவும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற கறுப்புக்கு வெளியே, சாதாரணத் தோல் மாதிரியே தெரிகிற இடத்தில் ஒன்றிரண்டு செல் தங்கியிருக்கலாம். முதல் ஆபரேஷன் அது என்ன என்று கண்டுபிடிக்கச் செய்தது, இரண்டாவது அந்தச் சுற்று மண்ணை எடுப்பதற்கு. தடிமன் 1 மி.மீ. வரை என்றால் சுற்றி 1 செ.மீ., 2 மி.மீ.க்கு மேல் போனால் 2 செ.மீ. என்பது உலகம் முழுக்க இருக்கிற கணக்கு. உங்களுக்கு இப்போது இருப்பது 1 மி.மீ. இடைவெளி. அதே இடத்தில் திரும்ப வராமல் இருக்க அது போதாது, எனவே இந்தப் பாதியில் எனக்குச் சந்தேகமே இல்லை, செய்துவிடுங்கள். காலை எடுக்கிற பேச்சே இதில் கிடையாது, அதையும் அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், கேட்காமலே மனதுக்குள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

நெறிக்கட்டி விஷயம்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டியது. காலில் முள் குத்திப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அதே பாதைதான். குதிகாலில் இருந்து ஏதாவது கிளம்பினால் முதலில் போய் நிற்கிற இடம் அங்கே ஒன்றோ இரண்டோ நெறிக்கட்டி. தழும்புக்குப் பக்கத்தில் நீலச் சாயமும் கொஞ்சம் கதிரியக்க மருந்தும் ஊசி போட்டு, அது எந்த நெறிக்கட்டியில் போய்ச் சேருகிறதோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். (அடுத்த நாள் சிறுநீர் பச்சையாகப் போகும், வீட்டில் யாரும் அலற வேண்டாம்.) 0.8 மி.மீ.க்குக் கீழே, புண்ணும் இல்லை என்றால் பெரும்பாலும் தேவையில்லை என்பார்கள். 1 மி.மீ. தாண்டினால் செய்யச் சொல்வார்கள். அப்பா இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறார். இந்தத் தடிமனில் பொதுவாக நூறு பேரில் ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் அந்த நெறிக்கட்டியில் நோய் இருக்கும். அதைத் தெரிந்துகொள்வதால் அடுத்து எவ்வளவு கவனமாகப் பார்க்க வேண்டும், மருந்து தேவையா என்பது தெளிவாகும். என் அப்பாவாக இருந்தால் செய்யச் சொல்வேன். ஆனால் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் அது தப்பான முடிவு இல்லை. ஒன்று மட்டும் முக்கியம்: செய்வதென்றால் குதிகாலைச் சுற்றி எடுக்கிற அதே ஆபரேஷனில் செய்ய வேண்டும். தோலைச் சுற்றி எடுத்த பிறகு வடிகிற பாதையே மாறிவிடும், அப்புறம் சாயம் எங்கே போகிறது என்று பார்ப்பதில் அர்த்தம் குறைந்துவிடும். “முதல்ல காலை முடிச்சிடுவோம், அதை அப்புறம் பார்த்துக்கலாம்” என்பது இதில் நடக்காது.

யானைக்கால் பயம் எனக்குப் புரிகிறது, கும்பகோணம் பக்கம் யானைக்காலைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இடுக்கில் இருக்கிற எல்லா நெறிக்கட்டியையும் வழித்து எடுத்தால்தான் அந்த மாதிரி வீக்கம் வரும் வாய்ப்பு அதிகம். ஒன்றிரண்டு எடுப்பதில் வீக்கம் குறைவு. முன்பெல்லாம் அந்த ஒன்றில் நோய் இருந்தால் உடனே மொத்தமாக எடுத்துவிடுவார்கள். அப்படி எடுப்பதால் ஆயுள் கூடுவதில்லை, ஸ்கேன் செய்து கண்காணித்தாலே போதும் என்று 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வு சொன்ன பிறகு அந்தப் பழக்கம் குறைந்துவிட்டது.

சித்தப்பாவிடம் சண்டை போடாதீர்கள். அந்தக் காலத்தில் நோய் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள், வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள், அடுத்த மாதம் ஆள் போய்விட்டார், பழி கத்தி மேல் விழுந்தது. இங்கே நோய் 0.9 மி.மீ., ஒன்பது பத்து வெறும் தாளை அடுக்கினால் வருகிற கனம்தான். விட்டுவைத்தால்தான் அது பரவும்.

தேதிக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முதலில் பயாப்சி செய்த லேபில் ஸ்லைடும், மெழுகில் பதித்த பிளாக்கும் கேளுங்கள். கையெழுத்துப் போட்டு வாங்கி, புதுச்சேரி ஜிப்மரிலோ அடையாறு புற்றுநோய் மருத்துவமனையிலோ இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள். 0.9 என்பது 0.7 ஆனாலும் 1.1 ஆனாலும் நெறிக்கட்டி முடிவே மாறும். பிளேடால் சீவினதையும் கார்ன் கேப் ஒட்டினதையும் மறைக்காமல் சொல்லுங்கள். இந்த நிலையில், வேறு தொந்தரவு இல்லாதவருக்கு உடம்பு முழுக்க பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்லி யாராவது அவசரப்படுத்தினால், எதற்கு என்று கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் ஆனால் பரவாயில்லை. தை மாதம் வரை என்பது மட்டும் கூடாது. குதிகால் என்பதால் தொடையில் இருந்து தோல் எடுத்து ஒட்டவோ, பக்கத்துத் தோலை இழுத்து மூடவோ வேண்டியிருக்கும். சில வாரம் அந்தக் காலை ஊன்றக் கூடாது, சேற்றில் இறங்கவே கூடாது. எனவே இந்த நடவுக்கு ஆள் யார், வாய்க்காலில் தண்ணீர் வந்தால் மடை திறப்பது யார் என்று இப்போதே பேசிவிடுங்கள். அப்பாவுக்குக் கத்தி மேல் இருக்கிற பயத்தைவிட இந்தக் கவலைதான் பெரிதாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதைச் சித்தப்பா தலையில் கட்டினால் அவரும் பேச்சைக் குறைப்பார். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவராமல் ஆபரேஷன் டேபிளில் படுக்க வைக்காதீர்கள், ஒட்டின தோல் பிடிக்காது. வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அதையும் இப்போதே நிறுத்த வேண்டும்.

ஆபரேஷன் முடிந்ததும் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உட்காரும்போது அம்மாவை ஒரு நிமிடம் அவர் உள்ளங்காலையும் கால்விரல் நகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், தொடை இடுக்கை அவரே தடவிப் பார்த்துக்கொள்ளட்டும். டாக்டரிடம் மூன்று மாதமோ ஆறு மாதமோ, சொன்ன தேதிக்குப் போக வேண்டும். மறு ரிப்போர்ட் வந்ததும் எழுதுங்கள்.