மாநகராட்சியே தவறை ஒப்புக்கொண்டால் வழக்கு ஜெயித்துவிடுமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் நியூயார்க் மாநிலத்தில், நியூயார்க் நகரத்துக்கு வெளியே, ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறோம். என் மகனுக்கு வயது 21, கிரீன் கார்டு இருக்கிறது. பத்து மாதத்துக்கு முன் நடந்த ஒரு பெரிய போராட்டத்தில் அவனையும் பிடித்துப் போனார்கள். பிளாஸ்டிக் பட்டையால் கைகளைக் கட்டி விடியும்வரை வைத்திருந்தார்கள். இன்றும் ஒரு கட்டைவிரல் மரத்துக் கிடக்கிறது. பொது அமைதிக்கு இடையூறு என்று கேஸ் போட்டார்கள். நீதிமன்றம் அதை ஆறு மாதம் தள்ளிவைத்து, அப்புறம் தள்ளுபடி செய்துவிட்டது. போராட்டத்தைக் கையாண்ட விதம் பற்றி நகர நிர்வாகமே மறுஆய்வு நடத்துவதாகச் சொன்னதால் பொறுத்திருந்தோம். போன வாரம் அறிக்கை வந்தது. கலைந்து போகச் சொன்ன அறிவிப்பு கூட்டத்தில் பெரும்பாலானவர்களுக்குக் கேட்கவில்லை, போலீஸாரில் பலருக்குக் கூட்டத்தைக் கையாளும் பயிற்சி இல்லை என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். இது போதாதா? இல்லை, நம் ஊர் விசாரணைக் கமிஷன் போல அலமாரிக்குப் போய்விடுமா? அடுத்த மாதம் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கிறது. மகன் அங்கே பேசலாமா? குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது இதெல்லாம் இடிக்குமா?

பதில்: அறிக்கையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் காலண்டரைப் பார்ப்போம், ஏனென்றால் காத்திருந்ததில் ஒரு வாய்ப்பு ஏற்கெனவே பாதி நழுவிவிட்டது.

நியூயார்க் மாநிலச் சட்டப்படி ஒரு நகரத்தின் மீது நஷ்டஈடு கேட்க வேண்டுமென்றால், சம்பவம் நடந்த 90 நாளுக்குள் முன்னறிவிப்பு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். வழக்குத் தொடுக்க, சம்பவ நாளிலிருந்து மொத்தம் ஒரு வருடமும் 90 நாளும் உண்டு. அதிகாரிகளைத் தனிப்பட்ட முறையில் மாநிலச் சட்டத்தின் கீழ் சட்டவிரோதக் கைதுக்காகவோ அடித்ததற்காகவோ இழுப்பதென்றால் ஒரே வருடம்தான். மறுஆய்வு நடக்கிறது, குழு உட்கார்ந்திருக்கிறது என்பதற்காக இந்தக் கெடு எதுவும் நிற்காது. இந்தத் தப்பு நடப்பதை அடிக்கடி பார்க்கிறேன். நிர்வாகம் விசாரிக்கிறதே, அதற்குள் ஏன் சண்டை என்று நல்ல மனதோடுதான் காத்திருப்பார்கள்.

கதவு முழுவதும் மூடவில்லை. அந்த ஒரு வருடம் 90 நாளுக்குள், தாமதமான நோட்டீஸை ஏற்கும்படி நீதிமன்றத்தில் மனு போடலாம். நீதிபதி முக்கியமாகப் பார்ப்பது, நடந்ததன் விவரம் நகரத்துக்கு உரிய காலத்தில் தெரிந்திருந்ததா என்பது. தாமதத்துக்குக் காரணம் உண்டா, தாமதத்தால் நகரத்தின் தற்காப்புக்குக் கேடு வந்ததா என்பதையும் பார்ப்பார். அறிக்கைக்காகக் காத்திருந்தோம் என்பது பலவீனமான காரணம். ஆனால் அதே அறிக்கை, அந்த இரவில் அந்த இடத்தில் நடந்ததை நகரமே உட்கார்ந்து அலசியிருக்கிறது என்று காட்டுகிறது. நகரத்துக்குத் தெரியாமல் போய்விட்டது என்று அவர்களுடைய வக்கீல் வாதாடுவது கஷ்டம். ஆய்வு எப்போது தொடங்கியது, எந்த மாதத்தில் யாரை விசாரித்தார்கள் என்ற பக்கத்தை முதலில் படியுங்கள். முடிவுரையைவிட அதுதான் இப்போது உங்களுக்கு வேண்டும்.

இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. அரசியல் சட்ட உரிமையை மீறியதற்காகக் கூட்டாட்சி நீதிமன்றத்தில் '1983-ஆம் பிரிவு' வழக்கு. (ஆண்டு அல்ல, பிரிவின் எண். சட்டம் 1871-இல் வந்தது.) நியூயார்க்கில் இதற்கு மூன்று வருடக் கெடு, 90 நாள் நோட்டீஸும் தேவையில்லை. உங்கள் மகனுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஜெயித்தால் வக்கீல் கட்டணத்தையும் எதிர்த்தரப்பிடமிருந்து பெறலாம். அதனால் முன்பணம் இல்லாமல் இந்த வழக்குகளை எடுப்பவர்கள் கிடைப்பார்கள்.

சரி, அறிக்கைக்கு வருவோம். நம் ஊரில் 1952-ஆம் வருட விசாரணைக் கமிஷன் சட்டத்தின் கீழ் வரும் அறிக்கை வெறும் பரிந்துரை. அரசு ஏற்கலாம், ஏற்காமல் விடலாம். இங்கும் நகரத்தின் மறுஆய்வு தீர்ப்பு ஆகாது. ஆனால் சாட்சியமாக அதன் மதிப்பு வேறு. கூட்டாட்சி சாட்சிய விதிகளின்படி, சட்டப்படி அதிகாரம் பெற்ற விசாரணையில் ஓர் அரசு அலுவலகம் கண்டறிந்த உண்மைகளைச் சிவில் வழக்கில் தாக்கல் செய்யலாம். அதிலுள்ள முடிவுகளும் கருத்துகளும்கூட, நம்பகமாக இருந்தால், உள்ளே வரலாம் என்று 1988-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'இனிமேல் இப்படி மாற்றுவோம்' என்ற பகுதி மட்டும் வேறு கணக்கு. தவறு நடந்த பிறகு செய்த திருத்தத்தைக் காட்டி, தவறு நடந்தது என்று நிரூபிக்க விதி இடம் தராது. ஆக, நடந்ததைச் சொல்லும் பாதி உங்களுக்கு, சீர்திருத்தம் சொல்லும் பாதி அவர்களுக்கு. அந்த ஆய்வை யார் உத்தரவிட்டது என்றும் பாருங்கள். கவுன்சில் தீர்மானமா, மேயர் உத்தரவா, அல்லது வெளியே ஒரு வக்கீல் நிறுவனத்திடம் எழுதி வாங்கியதா? கடைசி வகை என்றால் எதிர்த்தரப்பு கட்டாயம் ஆட்சேபிக்கும்.

பயிற்சி இல்லை என்ற வரிதான் என் கண்ணில் பட்டது. போலீஸ்காரர் தவறு செய்தார் என்பதற்காக மட்டும் 1983-ஆம் பிரிவின் கீழ் நகரம் பணம் கட்டாது. அந்தத் தவறு நகரத்தின் கொள்கையிலிருந்தோ நிலைத்த வழக்கத்திலிருந்தோ வந்திருக்க வேண்டும் என்று 1978-இல் மோனெல் வழக்கில் தீர்ப்பானது. தேவை என்று தெரிந்தும் பயிற்சி கொடுக்காமல் அலட்சியமாக இருந்தால் அதுவும் கொள்கைக்குச் சமம் என்றது 1989-ஆம் ஆண்டு கேன்டன் தீர்ப்பு. இதை நிரூபிக்க வக்கீல்கள் வருடக்கணக்கில் ஆவணம் தோண்டுவார்கள். உங்களுக்கு நகரமே முதல் மண்வெட்டியைப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

நகரத்தைக் குறிவைக்க இன்னொரு காரணமும் உண்டு. சட்டம் தெளிவாக இல்லாத இடத்தில் தனி அதிகாரிகளுக்கு ஒரு கவசம் இருக்கிறது. 2011 அக்டோபரில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பாலத்தில் போராட்டக்காரர்கள் சுமார் 700 பேரைப் பிடித்தார்கள். ஒலிபெருக்கி அறிவிப்பு முன்வரிசையைத் தாண்டிக் கேட்கவில்லை, போலீஸே வழிவிட்டது போலத்தான் இருந்தது என்று கைதானவர்கள் வழக்குப் போட்டார்கள். 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதிகாரிகளை விடுவித்துவிட்டது. அந்தக் கவசம் நகரத்துக்குக் கிடையாது.

நியூயார்க் நகரத்தில் இது எப்படிப் போனது என்று பாருங்கள். 2020-இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையை எதிர்த்து நடந்த போராட்டங்களைப் பற்றி, மேயர் டி பிளாசியோவின் உத்தரவின்படி நகரின் புலனாய்வுத் துறை ஆராய்ந்து டிசம்பரில் அறிக்கை தந்தது. பெரிய போராட்டங்களுக்கென்று தெளிவான திட்டமில்லை, அமைதியாக நின்றவரையும் வன்முறை செய்தவரையும் பிரித்துப் பார்க்கவில்லை, பெரும்பாலான போலீஸாருக்குப் போராட்டம் பற்றிய சமீபப் பயிற்சியே இல்லை என்றது. மேயரும் வருத்தம் தெரிவித்தார். அதனால் யாருக்கும் மறுநாள் காசோலை வரவில்லை. பிராங்க்ஸின் மாட் ஹேவனில் ஜூன் 4 அன்று, இரவு 8 மணி ஊரடங்குக்குச் சற்று முன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து, நேரம் கடந்ததும் கைது செய்தார்களே, அந்த வழக்கு 2023-இல் தலைக்கு 21,500 டாலருக்கு முடிந்தது. அதே வருடம் 1,300-க்கும் மேற்பட்டவர்களுக்கு, தலைக்கு 9,950 டாலர் என்ற இன்னொரு சமரசம். மூன்று வருடம் ஆனது, அதுவும் வழக்குப் போட்டவர்கள் இருந்ததால்தான். 2004 குடியரசுக் கட்சி மாநாட்டின்போது கைதானவர்களுக்குச் சுமார் 18 மில்லியன் டாலர் சமரசம் ஆக 2014 வரை போனது.

மகனின் கேஸ் எப்படி முடிந்தது என்ற தாளை ஒரு முறை சரிபாருங்கள். நீங்கள் சொல்வதுபோல் தள்ளிவைத்துத் தள்ளுபடி என்றால், சட்டவிரோதக் கைது என்று வழக்குப் போட அது தடையல்ல. 'சின்ன அபராதம்தானே' என்று குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் கைதுக்குக் காரணம் இருந்ததாக ஆகிவிடும். கைது பற்றிய வழக்கு அநேகமாக அதோடு முடிந்தது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேச அவருக்கு முழு உரிமை உண்டு. நான் அவருடைய வக்கீலாக இருந்தால், இப்போதைக்கு நீங்கள் போய்ப் பேசுங்கள், அவர் உட்கார்ந்து கேட்கட்டும் என்பேன். அங்கே சொல்வது பதிவாகும். நோட்டீஸ் கொடுத்த பிறகு, சத்தியப் பிரமாணத்தின் பேரில் அவரை விசாரிக்க நகரத்துக்கு உரிமை உண்டு. மைக் முன் உணர்ச்சியில் 'எட்டரை மணி' என்றவர் அந்த விசாரணையில் 'ஒன்பது மணி' என்றால் போதும், அதையே பிடித்துக்கொள்வார்கள்.

குடியுரிமை: நியூயார்க்கில் பொது அமைதிக்கு இடையூறு என்பது 'குற்றம்' என்ற வகையிலேயே சேராத சிறு மீறல். பயம் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தள்ளுபடியானதும் ஆவணம் மூடி முத்திரையிடப்படும், இனி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று பலர் நினைக்கிறார்கள். விண்ணப்பத்தில் கைது ஆனதுண்டா என்ற கேள்விக்கு, முத்திரையிட்டது உட்பட, ஆம் என்றுதான் எழுத வேண்டும். இல்லை என்று எழுதினால், கைதைவிட அந்தப் பொய்தான் பெரிய தலைவலி. கேஸ் முடிந்த விதத்துக்கான சான்றிதழை நீதிமன்ற எழுத்தரிடம் இப்போதே வாங்கி வையுங்கள். நகரத்தின் மீது வழக்குப் போடுவது குடியுரிமைக்குத் தடையாகாது.

இந்த வாரமே ஒரு சிவில் உரிமை வக்கீலைப் பார்த்து, பாடி கேமரா பதிவுகளை அழிக்கக் கூடாது என்று நகரத்துக்குக் கடிதம் போகச் செய்யுங்கள். அந்தக் கட்டைவிரலை நரம்பு மருத்துவரிடம் காட்டினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டையால் வந்த தற்காலிக வலியை நீதிமன்றங்கள் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பத்து மாதமாக மரத்துக் கிடக்கும் விரல் அப்படியல்ல. அது மருத்துவரின் தாளில் இருக்க வேண்டும்.