சாலை தரைக்கு அடியில் ஓடுகிறது

கேள்வி: மெக்சிகோவின் குவானஹுவாத்தோ நகரில் ஐந்து மாதங்கள் தங்கியிருந்ததைப் பற்றிச் சென்ற இதழில் பெருமையாக எழுதியிருந்தீர்கள். வீட்டு வாசலுக்கு வண்டி வராத, சிலிண்டரை மனிதன் தோளில் சுமந்து ஏறுகிற ஊரில் பெருமைப்பட என்ன இருக்கிறது? பாரம்பரியச் சின்னம் என்று யுனெஸ்கோ முத்திரை குத்தி, அந்த மக்களை முன்னேற விடாமல் வைத்திருப்பது அநியாயம் அல்லவா? ஒரு சாலை போட்டால் என்ன?
– வாசகர், ஈரோடு

பதில்: சாலை போட்டிருக்கிறார்கள், அது தரைக்கு அடியில் ஓடுகிறது.

குவானஹுவாத்தோ ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில், இரு புறமும் மலைச்சரிவு நெருக்குகிற ஒடுங்கிய பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். பூரேபெச்சா என்னும் மெக்சிகோப் பழங்குடி மொழியில் அந்தப் பெயருக்குத் தவளைகளின் மலை என்று பொருள் சொல்கிறார்கள். தவளை வாழத் தண்ணீர் வேண்டுமல்லவா, ஊரின் நடுவே ஆறு ஓடியது. 1760, 1780, 1905 ஆகிய ஆண்டுகளில் அந்த ஆறு பெருக்கெடுத்து ஊரைச் சூறையாடியது. பின்னர் வெள்ளநீரை வேறு வழியில் திருப்பிவிட்டு, வறண்ட பழைய ஆற்றுப்படுகையையே 1960-களில் வண்டிச் சாலையாக மாற்றினார்கள். பழைய பாலங்களின் வளைவுகளுக்கும் வீடுகளின் அடித்தளச் சுவர்களுக்கும் கீழே, கல் பாவிய அந்தச் சாலையில் கார்கள் போகின்றன. பேருந்து நிறுத்தமும் அங்கேயே இருக்கிறது. பேருந்தை விட்டு இறங்கி, இருட்டிலிருந்து படியேறி வெளியே வந்தால் வெயிலும் கோயில் மணியோசையுமாக ஊர் எதிரே நிற்கும். இதைத் தவிர மலையைக் குடைந்து வேறு பல சுரங்கப் பாதைகளும் அமைத்திருக்கிறார்கள். இதைச் செய்துகாட்டியவர்களை முன்னேறாதவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

யுனெஸ்கோவின் மீதான குற்றச்சாட்டும் காலக் கணக்கில் பொருந்தவில்லை. அந்நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது 1988-இல். 'கயெஹோன்' என்று அவர்கள் அழைக்கும் சந்துகள் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியவை. ஸ்பானியர்கள் புவேப்லா போன்ற நகரங்களைச் சதுரங்கப் பலகைபோல் நேர்த்தெருக்களாக வகுத்தார்கள். இங்கே அவர்களுடைய அளவுகோல் செல்லவில்லை. 16-ஆம் நூற்றாண்டில் மலைக்குள் வெள்ளி கிடைத்தது. சுரங்கத்துக்குப் பக்கத்தில், கால் ஊன்ற இடம் கிடைத்த சரிவிலெல்லாம் வீடு எழுந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே மனிதனும் கழுதையும் நடந்த தடங்களே சந்துகளாயின. 'முத்தச் சந்து' என்று பெயர்பெற்ற ஒன்றின் மிகக் குறுகலான இடத்து அகலம் 68 சென்டிமீட்டர்தான் என்கிறார்கள். அங்கே வண்டி போக வேண்டுமானால் இரு பக்க வீடுகளையும் இடிக்க வேண்டும். ஒரு சாலை என்று நீங்கள் எளிதாகக் கேட்டதன் விலை அது.

நான் குடியிருந்த வீட்டுக்கு 137 படிகள். முதல் வாரம் அவற்றை எண்ணிக்கொண்டே ஏறினேன். மூன்றாம் மாதத்தில் எண்ணுவதை மறந்துவிட்டேன். அந்தப் படிகளில் எதிர்ப்படுகிறவர் யாராக இருந்தாலும் 'புவெனோஸ் தியாஸ்' என்று காலை வணக்கம் சொல்லாமல் கடக்க முடியாது. பள்ளிச் சிறுவனும் சொல்வான், செங்கல் சுமக்கிறவரும் மூச்சு வாங்கிக்கொண்டே சொல்வார். காலையில் 'காஸ்' என்று நீட்டி முழக்கும் சிலிண்டர்காரரின் குரல் கேட்டதும் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கை காட்ட வேண்டும். 20 லிட்டர் தண்ணீர் கேனும் இப்படித்தான் தோளேறி வரும். குப்பையை நாமே கீழே கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டி, பல மாடிகளில் காவலுக்கு ஒரு நாய். ஒரு நாய் குரைத்தால் மலைச்சரிவு முழுவதும் பதில் சொல்லும். ஜனவரி இரவுகளில் வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டை தேவைப்பட்டது. பகல் இரண்டு மணிக்கு மேல்தான் பெரிய சாப்பாடு என்பதால், அதற்குச் சற்று முன்னதாக மக்காச்சோள ரொட்டிக் கடையில் நின்றால், கிலோக் கணக்கில் நிறுத்துத் துணியில் சுற்றிக் கொடுக்கும் சூடான தொர்த்தியாவோடு, அந்தச் சரிவில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது என்ற செய்திகளும் கிடைத்துவிடும்.

உங்கள் கேள்வியில் ஒரு பகுதியை மட்டும் நான் தலைவணங்கி ஏற்கிறேன். சுமப்பவரின் தோளைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயம். எங்கள் சந்துக்குச் சிலிண்டர் சுமந்து வந்தவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நானும் அண்டை வீட்டாரும் ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கொடுத்தோம், ஆனால் அது மனமுவந்து கொடுப்பதாக இருந்ததே தவிர அவருக்கு உரிய கூலியாக இருக்கவில்லை. படிக்கட்டு ஊரில் சுமை ஏற்றுவது ஒரு பொதுப்பணி. குப்பை அள்ளுவதற்கு நகராட்சி சம்பளம் கொடுப்பதுபோல் இதற்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முழங்கால் தேய்ந்த முதியவர்களுக்கும் படிகள் கொடுமைதான்.

ஆனால் அநியாயம் என்ற சொல்லை நான் வேறோர் இடத்துக்கு வைத்திருக்கிறேன். எங்கள் சந்திலேயே மூன்று வீடுகள் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள்வாடகைக்கு விடப்படும் அறைகளாக மாறியிருந்தன. முன்பு அங்கிருந்த குடும்பங்கள் ஊருக்கு வெளியே, வாசலுக்கு வண்டி வருகிற புதுக் குடியிருப்புகளுக்குப் போய்விட்டதாக வீட்டுக்கார அம்மையார் சொன்னார். நீங்கள் கேட்ட சாலை அவர்களுக்குக் கிடைத்துவிட்டது; அந்த அம்மையாரோ அதை ஓர் இழப்பாகத்தான் சொன்னார். வெளியிலிருந்து வந்து, வாடகையை ஏற்றும் பணத்தோடு தங்கிய என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை அங்கே வியாகுல அன்னையின், அதாவது மகன் இயேசுவுக்காகத் துயருறும் மரியாளின் திருநாள். சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் காவலாகக் கொண்ட அந்த அன்னைக்கு வீடுகளில் பீடம் வைத்துப் பூக்களால் அலங்கரிப்பார்கள். வாசலில் வந்து நிற்பவர், 'அன்னை அழுதுவிட்டாளா?' என்று கேட்பார். வீட்டார் கண்ணீரின் அடையாளமாகப் பழச்சாறு கலந்த குளிர்ந்த நீரைக் கொடுப்பார்கள். எங்கள் சந்தின் கடைசிப் படிக்கும் மேலே, இரண்டு ஆண்டுகளாகக் கீழே இறங்கியிராத ஒரு மூதாட்டி பீடம் வைத்திருந்தார். மாலை ஆறு மணிக்கு நான் ஏறிச் சென்றபோது அவர் வாசலிலிருந்து என் வீட்டுப் படி வரை வரிசை நின்றது. என் முறை வந்தபோது பானையில் நீர் தீர்ந்திருந்தது. முன்னால் வாங்கியவர் தம் குவளையில் பாதியை எனக்கு ஊற்றினார்.