தென்னைக்கு நடுவே 100 கொடம்புளி வைக்கலாமா?

கேள்வி: அருமனை பக்கம் எனக்கு 60 சென்ட் தென்னந்தோப்பு. வேலியோரம் தாத்தா காலத்துக் கொடம்புளி (மீன்குழம்புக்குப் போடும் புளி) மரம் மூன்று நிற்கிறது. இரண்டு காய்க்கிறது, ஒன்று பூப்பதோடு சரி. களியக்காவிளை வழியாக வரும் வியாபாரி ஒருவர், "இந்தப் பழத்தின் தோட்டில், அதாவது தோலில், உடம்பை மெலிய வைக்கிற ஆசிட் இருக்கு, மாத்திரை கம்பெனிக்காரன் நல்ல விலை கொடுப்பான், 100 கன்று வையுங்க, கன்றும் நானே தாரேன்" என்கிறார். நம்பலாமா? என் கொழுந்தியாளுக்குச் சர்க்கரை உண்டு. எடை குறைய ஆன்லைனில் கொடம்புளி காப்சூல் வாங்கிச் சாப்பிடுகிறாள். அது சரிதானா?

பதில்: ஆசிட் இருக்கிறது அண்ணே, அதில் பொய் இல்லை. பெயர் ஹைட்ராக்ஸி சிட்ரிக் அமிலம். கொடம்புளியின் புளிப்பை எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம் என்றும் டார்டாரிக் அமிலம் என்றும் வெகுநாள் நினைத்திருந்தார்கள். 1965-இல் லூயிஸ், நீலகண்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இது வேறு சரக்கு என்று காட்டினார்கள். காய்ந்த தோட்டின் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இந்த அமிலம் இருக்கும், கூடக் குறையவும் இருக்கலாம்.

நாம் தின்னும் மாவுச்சத்து மிஞ்சினால் உடம்பு அதைக் கொழுப்பாக்கிச் சேமிக்கிறது. அந்த வேலையில் ஒரு நொதி சிட்ரேட்டைப் பிடித்து உடைக்க வேண்டும். நம் புளியின் அமிலம் சிட்ரேட்டின் சாயலிலேயே இருப்பதால் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நொதியை வேலை செய்ய விடுவதில்லை. ஆய்வுக்கூடத்தில் இது நடந்தது, எலிகளிலும் பலன் தெரிந்தது. மாத்திரை வியாபாரம் கிளம்பியது இதை வைத்துத்தான்.

மனிதரிடம் பார்த்தபோது கதை வேறு. 1998-இல் அமெரிக்காவில் உடல் பருமன் உள்ள 135 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த அமிலம் நாளுக்கு 1,500 மில்லிகிராம், மறுபாதிக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்று 12 வாரம் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கட்டுப்பாடு இரண்டு பக்கமும் ஒன்றே. மருந்து தின்றவர்கள் சராசரி 3.2 கிலோ குறைந்தார்கள். வெறும் மாத்திரை தின்றவர்கள் 4.1 கிலோ! எடையைக் குறைத்தது சாப்பாட்டுக் கட்டுப்பாடுதான், காப்சூல் இல்லை.

கொழுந்தியாளிடம் இன்றே சொல்லுங்கள்: காப்சூலை நிறுத்தட்டும், டாக்டரிடம் டப்பாவையே கொண்டுபோய்க் காட்டட்டும். இந்தச் சாறு சேர்ந்த மாத்திரைகளால் சிலருக்கு மஞ்சள் காமாலையும் கல்லீரல் சேதமும் வந்திருக்கின்றன. அரிதாகச் சிலருக்குக் கல்லீரல் மாற்றும் அளவுக்குப் போயிருக்கிறது. சர்க்கரை மாத்திரையோடு சேர்த்துத் தின்பது இன்னும் ஆபத்து. மீன்குழம்பில் இரண்டு சுளை போடுவது வேறு விஷயம், அதை விட வேண்டாம்.

சரி, தோப்புக்கு வருவோம். 60 சென்ட் தென்னைக்குள் 100 கன்று தாங்காது. நான்கு தென்னைக்கு நடுவில் ஒன்று என்று வைத்தால் முப்பது சொச்சம்தான் வரும். வெளிச்சம் விழாத இடத்தை விட்டுவிடுங்கள்.

அதைவிட முக்கியம், அவர் தருவது விதைக்கன்றா ஒட்டுக்கன்றா என்பது. கொடம்புளியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. விதைக்கன்று வைத்தால் ஏறக்குறைய பாதி ஆணாகப் போகும், அது தெரிய 10, 12 வருஷம் காத்திருக்க வேண்டும். ஒட்டு என்றால் மூன்று நான்கு வருஷத்தில் பூக்கும், பெண் என்பதும் உறுதி. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் அமிர்தம், ஹரிதம் ரகங்கள் ஒட்டாகக் கிடைக்கும். வாங்கும்போது ஒட்டின் மேல்பகுதியைப் பாருங்கள். நிமிர்ந்து போன தண்டிலிருந்து எடுத்த கொம்பாக இருந்தால் மரம் நேராக எழும்பும். பக்கக்கிளையில் எடுத்தது என்றால் புதர் மாதிரிப் படர்ந்து கிடக்கும். பிறகு தென்னைக்கு நடுவில் அதை வைத்து அவஸ்தைதான்.

பழம் மஞ்சளாகி விழுவது கொட்டுகிற மழையில், ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. இந்தப் பயிரில் காசு நிற்பதும் போவதும் உலர்த்தலில்தான். பழத்தைக் கழுவி, கொட்டையை எடுத்து, தோட்டைப் பிரித்து, வெயில் கிடைத்த அளவு காயவைத்து, மீதியை அடுப்புப் புகையில் கறுக்க விட வேண்டும். ரப்பர் ஷீட் புகை போடும் அறையில் போட்டுவிடாதீர்கள், அந்த வாடை புளியை விட்டுப் போகாது. காய்ந்த பிறகு கிலோவுக்கு 150 கிராம் உப்பும் 50 மில்லி தேங்காயெண்ணெயும் போட்டுப் பிசறி வைத்தால் பூஞ்சணம் பிடிக்காது. பாத்திரம் மண்ணோ பீங்கானோ இருக்கட்டும், அலுமினியத்தைப் புளி அரித்துவிடும். உப்புப் போட்டது வேண்டுமா வேண்டாமா என்று வியாபாரியிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாறு எடுப்பவருக்கும் குழம்புக்கு வாங்குபவருக்கும் பதம் ஒன்றல்ல.

என் அபிப்பிராயம், மாத்திரை விலையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த மோகம் எப்போது வடியும் என்று யாருக்குத் தெரியும்? மீன்குழம்புக்கு வாங்க மார்த்தாண்டம் முதல் திருவனந்தபுரம் வரை ஆள் இருக்கிறது. உப்பும் இந்தப் புளியும் சேர்த்து அயிலை மீனைப் பீப்பாயில் பதப்படுத்தும் 'கொழும்பு முறை' என்றே ஒன்று இந்தக் கரையில் இருந்தது. கெடுக்கும் கிருமியை அமிலம் அடக்கும் என்பது மாத்திரைக்காரர் வருவதற்கு முன்பே இங்கே தெரிந்த சங்கதி. மீன்குழம்புக்கு வாங்குபவர் தரும் விலைக்கே கட்டுப்படியாகும் என்றால் வையுங்கள். முதலில் 10 ஒட்டு போதும்.

அப்புறம், காய்க்காத அந்த மூன்றாவது மரம். ஜனவரி முதல் மார்ச்சுக்குள் பூக்கும்போது பாருங்கள். பூ கொத்துக் கொத்தாக வந்து, நடுவில் குட்டிக் காய் இல்லாமல் மகரந்தம் மட்டும் இருந்தால் ஆண் மரம். வெட்டிவிடாதீர்கள். நீங்கள் வைக்கும் ஒட்டு எல்லாம் பெண், பூந்தாதுக்கு அந்த ஒரு மரம் பக்கத்தில் நிற்பது நல்லது.