பன்னிரண்டு நாணயங்களில் ஒரு போலி

கேள்வி: பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் 12 நாணயங்களில் ஒன்று போலி, அது மற்றவற்றைவிடக் கனமா, இலேசா என்பது தெரியாது. எடைக்கல் இல்லாமல், தராசில் மூன்றே முறை நிறுத்து அதைக் கண்டுபிடித்து, கனமா இலேசா என்றும் சொல்ல வேண்டும். ஆறுக்கு ஆறு வைத்துத் தொடங்கும் நான் எப்போதும் பாதியில் திணறுகிறேன். விடையைப் பாராமல் இதை அணுக வழி உண்டா?

பதில்: உண்டு. தராசைத் தொடுமுன் எண்ணிப் பாருங்கள். பன்னிரண்டில் எதுவும் கனமாகவோ இலேசாகவோ இருக்கலாம் என்பதால் சாத்தியங்கள் 24. ஒருமுறை நிறுத்தால் இடத்தட்டு இறங்கும், வலத்தட்டு இறங்கும், அல்லது இரண்டும் சமமாக நிற்கும்; ஆகவே மூன்று முறை நிறுத்தால் அதிகபட்சம் 27 சாத்தியங்களையும், இருமுறை நிறுத்தால் 9 சாத்தியங்களையும்தான் பிரித்தறிய முடியும். ஆறுக்கு ஆறு வைத்தால் தராசு சமமாக நிற்கவே நிற்காது. எந்தத் தட்டு இறங்கினாலும் 12 சாத்தியங்கள் மிஞ்சுவதால், அதன்பின் எவ்வளவு சாமர்த்தியம் காட்டினாலும் பயனில்லை. ஐந்துக்கு ஐந்து வைத்துத் தட்டு சாய்ந்தால் மிஞ்சுவது 10. மூன்றுக்கு மூன்று வைத்துச் சமமானால் 12. நான்குக்கு நான்கு வைத்தால் மட்டுமே, தராசு எப்படி நின்றாலும் 8.

கடினமான கட்டம் இனிமேல்தான். 1, 2, 3, 4 இருக்கும் தட்டு இறங்கி, 5, 6, 7, 8 இருக்கும் தட்டு ஏறியதாகக் கொள்வோம். அடுத்து 1, 2, 5 ஒரு பக்கமும் 3, 4, 6 மறுபக்கமும் வையுங்கள். கனமென்று சந்தேகிக்கப்படும் நாணயங்களையும் இலேசென்று சந்தேகிக்கப்படும் நாணயங்களையும் ஒரே தட்டில் கலப்பதுதான் இப்புதிரின் நயமான இடம். பலருக்கும் இது தோன்றுவதில்லை. முதல் தட்டு இறங்கினால் 1 அல்லது 2 கனம், இல்லையேல் 6 இலேசு; ஒன்றையும் இரண்டையும் நிறுத்தால் தெரிந்துவிடும். மறுதட்டு இறங்கினால் இதே முறையில் மூன்றையும் நான்கையும் நிறுக்க வேண்டும். சமமானால் 7, 8 இரண்டில் ஏறுவது போலி. முதல் முறையே சமமாக நின்றிருந்தால் 9, 10, 11 மூன்றையும் நல்லவை என்று உறுதியான 1, 2, 3 உடன் நிறுத்துப் பாருங்கள். மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள்.

இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1946-இல் ‘மேத்தமெட்டிக்கல் கெசட்’ இதழில் இதன் பொதுத் தீர்வை எழுதினார். அதன்படி நான்கு முறை நிறுத்தால் 39 நாணயங்கள் வரை போகலாம். ஆனால் எண்ணிக்கை ஒன்றையே நம்பிவிடவும் கூடாது. 13 நாணயங்களுக்குச் சாத்தியங்கள் 26தான், 27-க்குள் அடங்குகிறது. ஆனாலும் மூன்று முறையில் முழு விடை கிடைக்காது. நான்குக்கு நான்கு வைத்துச் சமமானால் வெளியே உள்ள ஐந்துக்கு 10 சாத்தியங்கள் மிஞ்சும்; ஐந்துக்கு ஐந்து வைத்துச் சாய்ந்தாலும் அதே 10.