வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது பறவைக் கூடு தென்பட்டால் வேலையை நிறுத்த வேண்டுமா?

முழுக்க நிறுத்த வேண்டாம். கூட்டைச் சுற்றிச் சில அடி விட்டுவிட்டு மற்ற பக்கம் அடிக்கலாம்.

கூட்டுக்குப் பக்கத்திலேயே வேலை நடந்தால் பறவை பயந்து அடைகாப்பதை விட்டு அடிக்கடி எழுந்து போகும். அடைகாத்தல் என்றால் பறவை தன் உடல்சூட்டால் முட்டையை ஒரே சீரான வெப்பத்தில் வைத்திருப்பது. இட்லிப் பானையை நடுநடுவே திறந்தால் இட்லி வேகுமா? அதே கதைதான். சென்னை வெயிலில் இன்னொரு சிக்கலும் உண்டு: பறவை பயந்து பறந்தால் நிழலும் போய்விடும், முட்டை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும்.

கொண்டைக்குருவி என்றால் முட்டையிட்டதிலிருந்து குஞ்சு பறக்கும்வரை ஏறத்தாழ நான்கு வாரம்தான். சாரம் கட்டும் முன்பே மேஸ்திரியிடம் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் குப்பை என்று பெருக்கிவிடுவார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட பறவையின் கூட்டைக் கலைப்பதும் வேட்டைதான்.

அப்புறம், மனிதக் கை பட்டால் தாய் குஞ்சைச் சேர்க்காது என்பார்கள். அது தவறு, தவறி விழுந்த குஞ்சை எடுத்து அதே கூட்டில் வைக்கலாம்.