தெருவைச் செய்யாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் நான்கு பேர் சேர்ந்து 28 மி.மீ. மினியேச்சர்களை (சிறு படைவீரர் பொம்மைகளை) வைத்து, திப்புவும் ஆங்கிலேயரும் மோதிய மூன்றாம் மைசூர்ப் போரை மேசையில் ஆடத் தொடங்கியிருக்கிறோம். மேசை ஆறடிக்கு நாலடி. 1791இன் பாராமகால் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரம்) கிராமம் ஒன்று வேண்டும் என்று ஓரடிச் சதுரமாக எட்டு எம்.டி.எஃப். (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகை வெட்டி, தெருவையும் தெர்மாகோல் வீடுகளையும் அதிலேயே ஒட்டினோம். மண் தூவிக் காய்ந்ததும் பலகைகளின் மூலைகள் மேலே தூக்கிக்கொண்டன. பலகையை மாற்றி வைத்தால் தெரு பக்கத்துப் பலகையோடு சேருவதில்லை. வீடுகளுக்கு நடுவே படை நுழைய இடமில்லை. ஸ்ப்ரே பெயிண்ட் அடித்ததில் இரண்டு சுவர்கள் கரைந்தே போயின. எங்கிருந்து திருத்துவது?

ச., பாலக்கோடு

அன்புள்ள ச.,

திருத்த வேண்டாம், பிரித்துவிடுங்கள். வீடுகளில் தேறுவதை மட்டும் எடுத்து வையுங்கள். நீங்கள் சொன்ன நான்கு சிக்கல்களில் இரண்டு பொருளால் வந்தவை, அவற்றுக்குக் கடையிலேயே மருந்து உண்டு. மற்ற இரண்டும் தெருவைப் பலகையில் ஒட்டியதால் வந்தவை. தெருவை ஒட்டிய கணத்தில் அந்தப் பலகைக்குத் திசை வந்துவிடுகிறது. எட்டுப் பலகை இருந்தும் ஒழுங்காகச் சேரும் அமைப்பு ஒன்றோ இரண்டோதான் தேறும். மாற்றி அடுக்கத்தானே துண்டு துண்டாகச் செய்தீர்கள்?

ஆகவே தெருவைச் செய்யாதீர்கள், மனையைச் செய்யுங்கள். மேசை முழுக்கச் செம்மண் நிறத் துணி விரிப்பு. அதன்மேல் மனைகளை இடைவெளி விட்டு வைத்தால் அந்த இடைவெளியே தெரு. அகலமும் வளைவும் ஆட்டத்துக்கு ஆட்டம் உங்கள் இஷ்டம். முதன்மைத் தெருவுக்கு 10 செ.மீ. விடுங்கள். 60 மி.மீ. பேஸ் (பொம்மைகள் ஒட்டி நிற்கும் அடித்தட்டு) உள்ளே போய்த் திரும்பவும், மேலிருந்து கை நுழையவும் அவ்வளவு தேவை. சந்துக்கு 4 செ.மீ. போதும், 25 மி.மீ. தனி பேஸ் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பீரங்கி அதில் போகாது. போகவும் கூடாது, சந்துக்கு அதுதான் பயன்.

மனைக்கு அடிப்பலகை 3 மி.மீ. பி.வி.சி. ஃபோம் ஷீட். விளம்பரப் பலகை செய்யும் கடையில் சன்போர்டு என்று கேட்டால் சில இடங்களில் இருபுறமும் தாள் ஒட்டிய நுரை அட்டையைத் தருவார்கள், அது வேண்டாம். வெட்டிய இடத்திலும் வெள்ளையாக, ஒரே பொருளாக இருப்பதுதான் வேண்டும். இது தண்ணீர் குடிக்காது. எம்.டி.எஃப். தூக்கிக்கொண்டதற்குக் காரணம், மேல்முகம் மட்டும் பசை நீரைக் குடித்து உப்பி, பின் காயும்போது பசையோடு சேர்ந்து சுருங்கி மூலைகளை இழுத்ததுதான். எம்.டி.எஃப்.தான் கையில் இருக்கிறதென்றால் 6 மி.மீ. எடுத்து, மண் தூவும் முன்பே இரு முகத்துக்கும் விளிம்புக்கும் பெயிண்ட் அடித்துவிடுங்கள். அடிமுகத்துக்கும் மேல்முகத்தின் அளவே பசை பூசினால் இரண்டு இழுப்பும் சரிக்குச் சரியாகிவிடும்.

எல்லா அளவும் 15 செ.மீ. மடங்கில் இருக்கட்டும். 60க்கு 60 செ.மீ. ஷீட் ஒன்றில் 15 செ.மீ. சதுரம் பதினாறு கிடைக்கும். குடிசை மனைக்கு நான்கு சதுரம். வீடும் மாட்டுக்கொட்டகையும் உள்ள 15க்கு 30 மனை மூன்று, அதற்கு ஆறு. புளியமரமும் மேடையும் உள்ள மந்தை 30க்கு 30, அதற்கு நான்கு. மிச்சம் இரண்டைப் பிரிக்காமல் கவலைக் கிணற்றுக்கு (மாடு கட்டி நீர் இறைக்கும் கிணறு) வையுங்கள். விளிம்பை 8 மி.மீ. அகலத்துக்குச் சரிவாகச் சீவுங்கள். அதற்கு மேல் சரித்தால் சரிவில் நிற்கும் பேஸ் சாயும்.

வேலியை மனையில் ஒட்டக்கூடாது. இரண்டு மனைகள் ஒட்டி நிற்கும்போது வேலி இரட்டையாகிவிடும், மனையைத் திருப்பினால் வாசல் அடைபடும். 14.8 செ.மீ. நீளத்தில் தனித் துண்டுகளாகச் செய்யுங்கள். முள்வேலி பன்னிரண்டு, மண்சுவர் ஆறு, ஆளுயரக் கல்பலகை நட்ட வேலி நான்கு, இவற்றோடு ஆரம்பிக்கலாம். முள்வேலிக்குத் தேங்காய் நாரைப் பொடியாக நறுக்கி ஃபெவிகாலில் குழைத்து ஒரு சட்டத்தின்மேல் அப்பினால் போதும். ஆட்டத்தில் இந்த வேலிகள்தான் அதிகம் உழைக்கும். எது மறைப்பு மட்டும், எது குண்டையும் தடுக்கும் என்று ஆட்டத்துக்கு முன்பே நான்கு பேரும் பேசி முடித்துவிடுங்கள்.

இனி வீடு. வெளியளவு 90க்கு 65 மி.மீ., சுவர் 5 மி.மீ. பி.வி.சி. உள்ளே 80க்கு 55 மி.மீ. கிடைக்கும், 25 மி.மீ. பேஸ் ஆறு அடங்கும். 28 மி.மீ. மினியேச்சருக்குரிய 1/56 அளவில் இது ஐந்து மீட்டருக்கு மூன்றரை மீட்டர் சொச்சம், நம் பக்கத்துப் பழைய ஒற்றை அறை வீட்டுக்குப் பொருந்துகிற அளவுதான். சுவர் உயரம் 42 மி.மீ., வாசல் 36 மி.மீ. கணக்குப்படி வாசல் இன்னும் குட்டையாக வேண்டும். ஆனால் மினியேச்சர் 3 மி.மீ. பேஸ்மேல் நிற்பதால் தலை இடிப்பதுபோல் தெரியும். திண்ணை 8 மி.மீ. உயரம், 27 மி.மீ. அகலம். இந்த அகலத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். திண்ணையில் பேஸ் நிற்காவிட்டால் அது வெறும் அலங்காரம்.

பி.வி.சி.யின் வழவழப்பில் எதுவும் ஒட்டாது. 80ஆம் நம்பர் உப்புத்தாளால் நன்றாகச் சொரசொரப்பாக்கிய பிறகு, வால் புட்டியில் ஃபெவிகாலும் கொஞ்சம் தண்ணீரும் கலந்து ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குப் பூசுங்கள். தடித்தால் வெடிக்கும், ஃபெவிகால் இல்லாவிட்டால் பொருக்குப் பொருக்காக உதிரும். பாதி காய்ந்ததும் ஈர விரலால் தடவினால் மண்சுவர் மெழுகிய வாகு வந்துவிடும். மூலைகளைக் கூராக விடாமல் மழுக்குங்கள்.

சுவர்களை ஒன்றோடொன்று ஒட்ட ஹாட் குளூ வேண்டாம். சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் அது இளகி, வீடு பிரிந்து கிடக்கும். பி.வி.சி.க்கு ஃபெவிக்விக் நன்றாகப் பிடிக்கும். தெர்மாகோலிலோ ஃபெவிக்விக், எஸ்.ஆர். 998 ரப்பர் பசை, ஸ்ப்ரே பெயிண்ட் மூன்றும் படவே கூடாது, மூன்றும் அரிக்கும். உங்கள் சுவர் கரைந்ததும் இதனால்தான். மிஞ்சிய தெர்மாகோல் சுவர்களைக் காப்பாற்ற ஃபெவிகாலும் எமல்ஷனும் சம அளவு கலந்து இரண்டு கோட் அடித்து, இடுக்குகூட விடாமல் மூடிவிடுங்கள். அதன் பிறகும் பிரஷ்தான், ஸ்ப்ரே இல்லை.

கூரை கழற்றும்படி இருக்க வேண்டும். சுவர்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் போர்த்தி, அதன்மேலேயே கூரையைக் கட்டி ஒட்டுங்கள். காய்ந்ததும் தாளை உருவினால் தேவையான தளர்வு கிடைக்கும். சரிவு 40 டிகிரி, தாழ்வாரம் 10 மி.மீ. வெளியே. புல் வேய்ந்த தோற்றத்துக்குத் தேங்காய் நாரைத்தான் எல்லாரும் முதலில் எடுப்பார்கள். இந்த அளவில் ஒவ்வொரு நாரும் விறகுக் குச்சி தடிமனில் தெரியும். பழைய பூத்துவாலையை 2 செ.மீ. பட்டைகளாக வெட்டி, ஃபெவிகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்ததில் நனைத்து, கீழிருந்து மேலாக ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி ஒட்டுங்கள். பாதி காய்ந்ததும் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கீழ்நோக்கி வாரிவிட வேண்டும். முழுக்கக் காய்ந்தபின் வாரினால் நூல் பிய்ந்து வரும்.

தரைக்கு நம் செம்மண்ணே போதும். மாவுச் சல்லடையில் சலித்து, இரும்புச் சட்டியில் வறுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அதோடு மூன்றில் ஒரு பங்கு எம்-சாண்ட். மண் நிறமாகத்தானே இருக்கிறது, பெயிண்ட் எதற்கு என்று தோன்றும். பசை பட்ட மண் காய்ந்தபின்னும் கறுத்தே நிற்கும். வெள்ளை எமல்ஷனில் சிவப்பு ஆக்சைடு, மஞ்சள் ஆக்சைடு ஸ்டெய்னர் (பெயிண்டில் கலக்கும் நிறச்செறிவு) கலந்து மூன்று நிறம் செய்துகொள்ளுங்கள்: அடர்செம்மை முழுக்க, செங்கல் நிறம் மேடுகளில், வெளிர் மஞ்சள் டிரைபிரஷ்ஷாக (பெயிண்டைத் துடைத்த பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து) உச்சியில் மட்டும். ஸ்டெய்னர் அதிகமானால் பெயிண்ட் காயாமல் பிசுபிசுக்கும், ஆகவே அடர்நிறத்துக்குக் கடையில் அடர்ந்த எமல்ஷனாகவே வாங்கிவிடுங்கள். அதே மூன்று நிறத்தை விரிப்புத் துணியிலும் பஞ்சால் ஒற்றினால்தான் மனை தனியாகத் துருத்தாது.

கிருஷ்ணகிரியில் இருக்கிறவர்களுக்குக் கிரானைட் பட்டறைத் தூள் சும்மா கிடைக்கும் என்று ஆசை வரும். அந்தத் தூளில் சிலிக்கா இருக்கிறது, நுரையீரலுக்குக் கேடு. மேசை விளையாட்டுக்கு அந்த வம்பு வேண்டாம்.

பாறை விஷயத்தில் வெளிநாட்டுக் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். மரப்பட்டையை நிறுத்திப் பாறை என்பார்கள். அது அடுக்கடுக்காகப் பிளந்த பாறைக்குச் சரி. நம் குன்றுகள் உருண்டு திரண்ட கற்கள், ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பவை. அழுத்த நுரைப் பலகையை (எக்ஸ்.பி.எஸ்., தெர்மாகோலைவிட இறுக்கமானது) துண்டுகளாக்கி உப்புத்தாளால் உருட்டி, பெரியது இரண்டு, சிறியது ஐந்து என்று சேர்த்தால் ராயக்கோட்டை பக்கம் மாதிரி இருக்கும்.

கவலைக் கிணற்றில் பலரும் சரிவைத் தலைகீழாக வைக்கிறார்கள். கிணற்றின் வாய்ப்பக்கம்தான் மேடு. மாடு கிணற்றுக்கு முதுகு காட்டி இறங்கும்போது பறி (நீர் அள்ளும் தோல் சால்) மேலே வரும்.

1791க்கு ஒவ்வாதவை சில. மங்களூர் ஓடு வேண்டாம், அந்தத் தொழிற்சாலையே 1865இல்தான் வந்தது. நாட்டு ஓடு வைக்கலாம். சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் 19ஆம் நூற்றாண்டு வரவுகள். வேலியில் சதுரக்கள்ளி வையுங்கள். மரத்துக்குப் புளி, வேம்பு, பனை. புளியமரத்தைக் கணக்குப்படி செய்தால் 20 செ.மீ.க்குப் போய்விடும், 13 செ.மீ.யில் நிறுத்துங்கள். கட்டுக்கம்பி 25 செ.மீ. நீளத்தில் பத்து எடுத்து முறுக்கி, கிளை பிரித்து, பீர்க்கங்கூட்டைப் பிய்த்து ஒட்டினால் ஆயிற்று. அடியில் ஒரு வாஷர் ஒட்டுங்கள். மரம் தனியாக எடுக்க வராவிட்டால் அதன் கீழ் படை நிறுத்த முடியாது.

கடைசியாக, இரண்டு வீடுகளுக்கு மட்டும் மாற்றுக் கூரை ஒன்று செய்து வையுங்கள்: மூங்கில் குச்சிச் சட்டம், பாதி வேய்வு, கரி நிறம். ஆங்கிலேயத் தளபதி மாக்ஸ்வெல் 1791 நவம்பர் 7ஆம் தேதி இரவு கிருஷ்ணகிரியைத் தாக்கியபோது கீழ்க்கோட்டையும் பேட்டையும் (கோட்டையை ஒட்டிய ஊர்) விழுந்தன, மலைக்கோட்டை விழவில்லை. மேலே இருந்த திப்புவின் படையினர் கல்லை உருட்டியே விரட்டினார்கள். திரும்பும்போது மாக்ஸ்வெல்லின் ஆட்கள் பேட்டைக்குத் தீ வைத்தார்கள். அந்த ஆட்டத்துக்கு நடுவில் நல்ல கூரையை எடுத்துவிட்டு எரிந்ததை வைத்தால் போதும். உங்கள் சுவர்கள் எல்லாம் ஒரே அளவென்றால் அந்த இரண்டு கூரையும் எந்த வீட்டுக்கும் பொருந்தும்.