நீதிபதியின் வயிறு

கேள்வி: ஒரே குற்றத்துக்கு ஒருவருக்கு ஆறு மாதம், இன்னொருவருக்கு மூன்று வருடம் விதிக்கிறார்கள். நீதிபதி சாப்பிட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்துத்தான் தீர்ப்பு என்று ஆராய்ச்சியே வந்திருக்கிறதாமே?

பதில்: வந்தது, 2011இல். இஸ்ரேலில் பரோல் மனுக்களை விசாரிக்கும் நீதிபதிகள், அமர்வின் தொடக்கத்தில் சுமார் 65 சதவீதம் பேருக்குச் சாதகமாகச் சொன்னார்களாம். இடைவேளை நெருங்க நெருங்க அது பூஜ்யத்தை ஒட்டி இறங்கியது. சாப்பிட்டுவிட்டு வந்ததும் மறுபடி 65. அன்றிலிருந்து நம் பத்திரிகைக்குக் கவிதை அனுப்புகிறவர்கள் உறையின்மேல் ‘மதிய உணவுக்குப் பின் பிரிக்கவும்’ என்று எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பிரயோசனமில்லை. வயிறு நிறைந்தால் எனக்குத் தூக்கம் வரும். இரண்டாவது ‘நிலவே’யில் குறட்டை. பசியோடு இருந்தால் கோபத்திலாவது கடைசி வரிவரை போவேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அதே ஆண்டே இந்த ஆராய்ச்சிக்கு மறுப்பும் வந்தது. மனுக்கள் குலுக்கல் முறையில் வருவதில்லை. ஒரு சிறையின் மனுக்களை முடித்துவிட்டுத்தான் இடைவேளை விடப் பார்க்கிறார்கள். அதில் வக்கீல் இல்லாத கைதிகள் பெரும்பாலும் கடைசியில் வருகிறார்கள். பேச ஆளில்லாதவர் தோற்றார், பழி நீதிபதியின் வயிற்றின்மேல் விழுந்தது. ஆனால் ‘வக்கீல் இல்லாதவர் தோற்றார்’ என்று தலைப்புப் போட்டால் எந்த வாட்ஸ்அப் குழுவில் பகிர்வார்கள்?

பசியைவிட என்னை உறுத்துவது பகடை. 2006இல் வெளியான ஒரு ஜெர்மன் சோதனையில் சட்டத்துறையினரிடம் கடைத்திருட்டு வழக்கு ஒன்றைக் கொடுத்தார்கள். அரசுத் தரப்பு எத்தனை மாதம் கேட்கிறது என்பதை அவர்களையே இரண்டு பகடை உருட்டிக் கூட்டிப் பார்க்கச் சொன்னார்கள். பகடை சகுனி வீட்டுச் சரக்கு: சிலருக்கு 3 மட்டும் விழும், மற்றவர்களுக்கு 9. 3 விழுந்தவர்கள் சராசரியாக ஐந்து மாதம் சொச்சம் விதித்தார்கள். 9 விழுந்தவர்கள் எட்டு மாதத்தை ஒட்டி. உருட்டியது தங்கள் கைதான் என்று தெரிந்தும்!

உங்கள் ஆறு மாதம், மூன்று வருடக் கணக்கில் நான் முதலில் கேட்பது, இருவரில் யாருக்கு ஜாமீன் கிடைத்தது என்பதை. அமெரிக்காவின் பிலடெல்பியா, மயாமி வழக்குகளை அலசி 2018இல் வெளியான ஆய்வின்படி, விசாரணைக்கு முன் உள்ளேயே வைக்கப்பட்டவர்கள் குற்றவாளியாகும் வாய்ப்பு கூடுகிறது. புதுச் சாட்சி கிடைத்து அல்ல, அவர்களே ஒப்புக்கொண்டுவிடுவதால். வழக்கை நடத்தினால் இன்னும் சில மாதம் உள்ளே. ‘நான்தான்’ என்றால், சின்ன வழக்கில், இருந்த நாளைக் கழித்துக்கொண்டு மாலையே வெளியே. அப்புறம் இன்னொரு வழக்கில் சிக்கினால் கோப்பில் அவர் ‘பழைய குற்றவாளி’. அந்த மூன்று வருடம் பல சமயம் இந்த வழியாகத்தான் வருகிறது.